கர்த்தர் சுகிர்தத்துக்கு வைத்த வேலை

மனிதன் தோன்றிய நாள் முதல் அவனைக் குழப்பிவந்த ஒரு கேள்விக்கு, 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொல்லிமலையில் மூன்று பேர் சேர்ந்து விடை கண்டோம். கடவுள் என்னை எதற்காகப் படைத்தார் என்பது கேள்வி. விடை காண ஏழு நாள் போதும்.

மூவர் என்றது மிஷன் துரை, துரைசானி அம்மாள், உபதேசியாராகிய நான். எங்கள் குழுவின் பெயர் "வாலிபர் தெய்வ நோக்கக் குழு". காரியதரிசி நானே.

மலையில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் மிஷன் விடுதியில் இருந்தார்கள். பதினைந்து பதினாறு வயது. மனம் அலையும் பருவம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் ஏழு நாள் கவனித்தோம். எந்த வேலையை அதிகம் செய்கிறதோ, அதுவே கர்த்தர் அதற்கு வைத்த வேலை. அந்த ஏழு நாளும் பிள்ளைகள் சோம்பி இருக்கக் கூடாது என்று பங்களா வேலைகளைக் கொடுத்திருந்தோம்.

முடிவுகள் எங்களையே சிலிர்க்க வைத்தன. மாதேஸ்வரனாக இருந்த சாமுவேலுக்கு டோலி சுமக்கும் "அழைப்பு" இருந்தது. பாத்திரம் தேய்க்கும் "வரம்" ஒரே வாரத்தில் மூன்று பேர் மேல் இறங்கியது. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகிர்தத்துக்குத் தண்ணீர். முன்பு அவள் பெயர் இருசாயி, பெரக்கரை நாட்டுப் பொன்னன் மகள். ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு இருபது குடம். தெளிவான அழைப்பு.

மறு வருஷம் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தாதிப் பயிற்சிக்கு மலையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பலாம். ஒரே இடம். குழுவின் சிபாரிசு வேண்டும்.

சுகிர்தம் குழுவின் முன் வந்து நின்றாள். புடவை முந்தானை நனைந்திருந்தது.

"என்னைய அனுப்புங்க ஐயா."

"மகளே, உன் இருதயம் அலைகிறது" என்றார் துரை.

"அலையலீங்க. போன ஆடியில எங்கூர்ல காச்சல் வந்தப்ப பத்தொம்பது பேர் படுத்துட்டாங்க. நீங்க குடுத்த குயினைனை நாந்தான் ஊடு ஊடாப் போயிக் குடுத்தேன். பதினெட்டுப் பேர் எந்திரிச்சுட்டாங்க."

நான் பதிவேட்டைப் புரட்டினேன். "ஆடி மாதம் பதிமூன்று நாள் தண்ணீர் எடுக்கவில்லை. காரணம்: கவனச் சிதறல்."

"காச்சல்காரங்களை உட்டுப்போட்டுத் தண்ணி எடுக்கோணுங்களா?"

"கர்த்தர் வைத்த வேலை தண்ணீர் அல்லவா?" என்றார் துரைசானி கனிவாக.

"கர்த்தரா சொன்னாரு? நீங்க சொன்னீங்க, எடுத்தாந்தேன். எங்க விடுதிக் காத்தானைச் சாணி அள்ளச் சொன்னீங்க, அள்ளறான். ஒரு வாரம் என்னையத் துரை நாக்காலியில உக்கார வெச்சுப் பாருங்க. நானும் துரையாயிருவேன்."

துரை ஜெபத்துக்கு அழைத்தார். ஜெபம் நீண்டது. முடிந்தபோது விண்ணப்பம் தள்ளப்பட்டிருந்தது.

ஆனால் கர்த்தர் திறந்த இடத்தைக் காலியாக விடுவது பாவம். மலையில் வேறு பெண் உண்டா என்று தேடினோம். நல்லவேளையாக என் மகள் ஜெயமணி மலையில்தான் இருந்தாள். அவளையும் முறைப்படி ஏழு நாள் கவனித்தோம். எந்த வேலையும் செய்யவில்லை. அவளைக் கர்த்தர் ஏதோ பெரிய காரியத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று துரை கண்டுகொண்டார். சிபாரிசை நானே எழுதினேன். காரியதரிசி நானே என்று முன்பே சொன்னேன்.

காளப்பநாயக்கன்பட்டி வரை நடந்து இறங்கி, அங்கே பஸ் ஏற வேண்டும். ஜெயமணியின் டிரங்குப் பெட்டியைச் சுகிர்தம் தலையில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் வந்தேன்.

"ஏன்டி சுகிர்தம், அங்க கேள்வி கேப்பாங்களாமே. குயினைன் எப்பக் குடுக்கணும்?" என்றாள் என் மகள்.

"வெறும் வயித்துல குடுத்தாக் கொமட்டுங்க. கஞ்சி குடுத்துட்டுக் குடுக்கோணும். கொழந்தைக்குத் தேன்ல கொழைச்சு. வாந்தி எடுத்துட்டா, கொஞ்சம் பொறுத்து மறுக்காவும் குடுக்கோணும்."

"நடுங்கினா?"

"போத்தி உடுங்க. வேர்த்தா எடுத்துருங்க. கிட்டவே உக்காந்திருக்கோணுங்க, அதுதான் பாதி வைத்தியம்."

மலையடி வரை பாடம் நடந்தது. ஜெயமணி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் ஆஸ்பத்திரியில் இதையே சொல்லி முதலாவதாகத் தேறினாள்.

பஸ் போனதும் சுகிர்தம் சும்மாட்டை உதறினாள்.

"ஏனுங்க ஐயா, வழியெல்லாம் என்னையக் கவனிச்சுட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமாம் கண்ணு."

"நான் வழியெல்லாம் பாடஞ் சொல்லிக் குடுத்தேன். அப்ப நான் டீச்சருங்களா?"

"பெட்டி சுமந்தாய்" என்றேன். "கவனத்தைச் சிதற விடாதே. சாயங்காலத் தண்ணிக்கு நேரமாகிறது."

அவள் மலையேறினாள். அன்றும் இருபது குடம் வந்தது. கர்த்தர் அவளை யாருக்காகப் படைத்தார் என்பதில் குழுவுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

எங்களுக்காக.