அறுபத்தொரு வயதுக் குழந்தையின் காப்பாளர்

ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு மருத்துவர் உண்டு. அவர் யார் என்று குடிமகனுக்குத் தெரியாது என்பது மட்டுமே குறை. அந்தக் குறையைப் போக்க நான் நியமிக்கப்பட்டிருக்கிறேன். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை அரசு எங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைகளில் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நான் விளக்குகிறேன். மாதம் ஒரு கூட்டம், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், டோனட்டுடன். பதினாறு ஆண்டுகளில் ஒரு டோனட்கூட மிச்சமானதில்லை. விளக்கம்தான் மிச்சமாகும்.

சென்ற மார்ச் மாதக் கூட்டத்துக்கு வெர்லின் காடில் வந்தார். நிலக்கரி லாரி ஓட்டியவர். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் வீட்டுச் செருப்பு. சர்க்கரைப் புண்.

"தம்பி, இந்தக் கார்டைப் பாரு. என் டாக்டர் பேரு லோரீன் ஃபைஃப்னு போட்டிருக்கு."

"நல்ல டாக்டர்தான்."

"குழந்தைங்க டாக்டர்யா!"

விளக்கினேன். முப்பது நாளில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்காதவருக்குக் கணினியே தேர்ந்தெடுக்கும். கணினி தூரத்தைப் பார்க்கும், வயதைப் பார்க்காது. மருத்துவரை மாற்ற விண்ணப்பிக்கலாம், தொண்ணூறு நாள் ஆகும். அதுவரை கால் நிபுணரிடம் போவதென்றால் கார்டில் உள்ள மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும்.

"தொண்ணூறு நாள்ல விரல் இருக்காது தம்பி. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் போச்சு."

ஆகவே மறுநாள் இருவரும் டாக்டர் ஃபைஃபிடம் போனோம். வெர்லின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

"சீட்டு தர எனக்கு ஆட்சேபணை இல்ல கண்ணு" என்றார் டாக்டர். எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். "ஆனா குழந்தை வளர்ச்சிப் படிவத்தை நிரப்பாம கணினி அடுத்த பக்கம் போகாது."

அந்த விதியை அவருக்குக் கற்பித்தவன் நான்தான். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். வெர்லின் பதில் சொன்னார்.

"ரெண்டு ரெண்டு வார்த்தையா சேர்த்துப் பேசுறானா?"

"கோவம் வந்தா ரெண்டே வார்த்தைதான் வரும்."

"விளையாட்டுச் சாமானை மத்தவங்களுக்குக் குடுக்கிறானா?"

"துப்பாக்கியைத் தவிர."

"அம்மா அப்பா கூட வந்திருக்காங்களா?"

"அவங்க மேட்டுல இருக்காங்க. கல்லறையில."

"அப்போ காப்பாளர் கையெழுத்து வேணுமே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயதில் நான் அறுபத்தொரு வயதுக்காரருக்குக் காப்பாளரானேன்.

அதன்பின் நடந்தவை எங்கள் நிறுவன வரலாற்றில் இல்லாதவை. குழந்தைக்குத் தேவையான எதையும் மறுக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டாம் நாளே கால் நிபுணர் பார்த்தார். வாராவாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஏற்பாடானது. தனி பூட்ஸ் வந்தது. கேட்காமலே மூக்குக் கண்ணாடி வந்தது. சமர்த்தாக இருந்ததற்காக வெர்லினுக்கு டாக்டர் ஃபைஃப் டைனோசர் ஒட்டுப்படங்கள் ஒரு தாளும் கொடுத்தார். வெர்லின் ஒன்றைத் தொப்பியில் ஒட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது.

"எனக்குப் பல்லு மூணு போச்சு" என்றார் பள்ளிப் பேருந்து ஓட்டும் மெல்பா. "என்னையும் குழந்தையாப் போடு. அழணும்னா இப்பவே அழுது காட்டுறேன்."

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. கையெழுத்து பொய். அதனால் ஆறிக்கொண்டிருக்கும் கால் மெய். விதியைக் கற்பிப்பவன் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு வாரம் யோசித்தேன். யோசிக்கிறவன் கடைசியில் செய்வதைத்தான் செய்தேன்: தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

விண்ணப்பத்துக்குத் தொண்ணூறு நாள் எடுத்துக்கொள்ளும் அலுவலகம் நாற்பது நிமிடத்தில் செயல்பட்டது. என் நேர்மைக்குச் சான்றிதழ் வந்தது. வெர்லின் பெரியவராக்கப்பட்டார். கட்டு மாற்றுவது நின்றது. வளரும் பாதத்துக்கானது என்று பூட்ஸையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்களுக்கான மருத்துவரிடம் ஏழு மாதம் கழித்து நேரம் கிடைத்தது.

மறு மாதக் கூட்டத்துக்கு வெர்லின் வந்தார். ஒரு காலில் பழைய பூட்ஸ், மறு காலில் செருப்பு.

"காப்பாளரே, என்னைப் பெரியவனாக்கிட்டீங்க போல."

"தவறைத் திருத்துறது என் கடமைங்க."

"காலு பாதிதான் ஆறியிருக்கு. அதுக்குள்ள அதுக்கும் வயசு வந்துடுச்சா?"

கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் மருத்துவர் தேர்வுப் படிவங்களைக் கொடுத்தேன். 'காப்பீடு பற்றிப் புரிந்ததா?' என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேரும் 'நன்றாகப் புரிந்தது' என்று குறித்திருந்தார்கள். 'நீங்கள் விரும்பும் மருத்துவர்' என்ற கட்டத்தில் வெர்லின் எதுவும் எழுதவில்லை. ஒரு டைனோசரை ஒட்டியிருந்தார்.

படிவங்களைக் கணினிதான் படிக்கிறது. இன்று காலை பதில் வந்திருக்கிறது. வெர்லின் காடிலின் விருப்பம் ஏற்கப்பட்டு, மிக அருகிலுள்ள கால்நடை மருத்துவர் ஒதுக்கப்பட்டிருக்கிறார். நாளை காலை ஒன்பது மணிக்கே நேரம் இருக்கிறது. வாராவாரம் கட்டு மாற்றுவார்களாம்.

கீழே உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றிருக்கிறது. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். இந்த முறை தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதாக இல்லை.