கடப்பாரையால் விதைத்த கேழ்வரகு

மாரிகுப்பம் சுரங்க லயனில் பெண்சாதி பிள்ளைகளோடு சௌக்கியமாய் வாசம் பண்ணும் பிரியமுள்ள மச்சான் சிரில் அவர்கள் சமுகத்துக்கு, பூதிகோட்டையிலிருந்து மரியகுழந்தை அநேக தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் தங்கள் தங்கை ஐடாவும் சுகம். எருதுகள் என்னைவிடச் சுகம். ஏனென்றால் அவை வேலை செய்வதில்லை.

சுரங்கத் தூசியில் என் நெஞ்சு கெட்டுப்போய், இனிமேல் கீழே இறங்கினால் உயிரோடு மேலே வரமாட்டாய் என்று டாக்டர் சொன்னபோது, "வெவசாயம்தானே மச்சான், வெதய போட்டுட்டு மரத்தடில படுத்துக்கினா மழ பெய்யும், அறுத்துத் துன்னலாம்" என்று நான் பெருமை பேசியது தங்களுக்கு ஞாபகம் இருக்கும், தயவுசெய்து மறந்துவிடுங்கள். இந்த நிலத்துக்கு வந்த மறுநாளே, ஷிப்டு என்றால் ஷிப்டுதான் என்று விடியலில் விசில் ஊதினேன். எருது இரண்டும் படுத்துக்கொண்டன. பசு என்றால் சொம்பை நீட்டினால் பால் வரும் என்று இருந்தேன். கன்று போட்டால்தான் கறக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, பசுதான் உதைத்துத் தெரிவித்தது. அதோடு விட்டதா? விதைப்பு வந்தது. பாறையில் வேலை செய்தவனுக்கு, மேலே கிடப்பது வெறும் கல், ஆழத்தில்தான் சரக்கு என்பது ரத்தத்தில் ஊறியிருக்கிறதல்லவா, ஊர்க்காரர்கள் கேழ்வரகை நாற்றங்காலில் மேலாகத் தூவுவதைப் பார்த்துச் சுத்தச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டு, கடப்பாரையால் முழ ஆழத்துக்குக் குழி போட்டு, குழிக்கு ஒரு பிடி கேழ்வரகு இறக்கி, வெடிமருந்துக்குச் செய்வதுபோலவே களிமண் வைத்துக் கெட்டித்தேன். நிலம் முழுக்க. முடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் தூரப்போய் நின்றேன்.

மழை பெய்தது. சுற்றிலும் பச்சை, என் நிலத்தில் ஒரு முளை இல்லை. பக்கத்து நிலத்துப் பார்வதம்மா ஒரு குழியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, கேவுரு போட்டீங்களா, பொணத்த அடக்கம் பண்ணீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததோடு நில்லாமல், ஊரையே கூட்டிவந்து காட்டினாள். எல்லாரும் சிரித்து முடித்துப் போனபிறகு, "திரும்ப ஷாப்டுல எறங்கவா போவீங்க?" என்று ஐடா கேட்டாள். அவள் உள்ளே போய் அழுதாள்.

மச்சான், அடுத்து நடந்ததை எழுதும்போது கண் கலங்குகிறது. சிரித்த அதே ஜனம் மறுநாள் காலையில் தங்கள் நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றைக் கூடை கூடையாய்ச் சுமந்துவந்து, கேட்காமலே என் நிலத்தில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் நட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கூழைக்கூட அவர்களே கொண்டுவந்தார்கள். வேதம் வேறு, ஊர் வேறு, நேற்று வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு எதற்காக இதைச் செய்ய வேண்டும்? ஆயுசுக்கும் அவர்களை மறக்கமாட்டேன். ஆனாலும் ஊரார் தருமத்தில் எத்தனை நாள் பிழைப்பது? அந்தப் பயிரைப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாய் இருக்கிறது. ஆகையால் தாங்கள் சுரங்கத்துக் கேப்டன் துரையைக் கண்டு என் பழைய வேலையைத் திரும்பக் கேட்கவும். நெஞ்சைப் பற்றி விசாரித்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லவும். ஐடாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

குழந்தைகளுக்கு என் முத்தம். தங்கள் வீட்டு வாசலில் மோட்சத்துச் சம்மனசுகள் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மரியகுழந்தை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் பார்வதம்மாவின் சத்தம். "இன்னாண்ணா, பொழுது ஏறிப்போச்சு, இன்னும் குந்திக்கினு கீறீங்க? இன்னிக்கு என் நெலத்துல நடவு. நாங்க வந்தோமில்ல, நீங்க வரவாணாமா?" அப்புறம்தான் விளங்கிற்று. அது தருமம் இல்லையாம், முய்யாளாம். இன்று நான் உன் நிலத்தில், நாளை நீ என் நிலத்தில் என்பது இந்த ஊர் வழக்கம். வந்தவர் ஒவ்வொருவர் நிலத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் போயாக வேண்டும். நடவு முடிந்தால் களை, களை முடிந்தால் அறுப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமலே ஊரில் சேர்த்துக்கொண்டார்கள் மச்சான்! ஐடா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னாலே போய்விட்டாள். வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியிருப்பதை வாசிக்காமல் விட்டுவிடுங்கள். கேப்டன் துரையைப் பார்க்க வேண்டாம். அவராகவே கேட்டால், மரியகுழந்தைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.