கட்டம் காலியாக இருந்தால் என்ன?

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். உங்கள் தங்கை மூன்று நாளாக என்னோடு பேசாத வீட்டிலிருந்து அப்படி எழுதினால் பொய்யாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பள்ளியில் ரத்த வகைப் பாடம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வரும் என்று அட்டவணை போட்டு வரச் சொன்னார்களாம். அம்மா ஏ, பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் பார்த்தது. அப்பா ஏபி, இருபது வருடமாக நான் சட்டைப் பையில் வைத்து லாரி ஓட்டும் உரிமத்தில் இருக்கிறது. மகள் ஓ, பள்ளி அட்டையில் இருக்கிறது. போட்டு முடித்தவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்பா, ஏபி அப்பா ஏ இல்லன்னா பி, ரெண்டுல ஒண்ணைக் கொடுத்தே ஆகணுமாம். ஓ பிள்ளை பிறக்காதாம். அப்போ நான் யாரு?" நான் உடனே சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல், சமையலறை வாசலில் நின்ற உங்கள் தங்கையை ஒரே ஒரு நொடி பார்த்துத் தொலைத்தேன். "என்ன பார்வை அது?" என்று கேட்டவள்தான். அதற்குப் பிறகு, "அந்த மனுஷனைச் சாப்பிடச் சொல்லு" என்று என் காதுபடவே மகளிடம் சொல்கிறாள்.

நேற்றுதான் எனக்கு உறைத்தது. நான் ஒருநாளும் ரத்த வகை பார்த்ததில்லை. முத்து முத்தான கையெழுத்து என்று நம் குடும்பத்து விண்ணப்பமெல்லாம் உங்களிடம்தானே வரும்! உரிமத்துக்கு நிரப்பும்போது, "பிளட் குரூப் தெரியாதே மச்சான்" என்றேன். "கட்டம் காலியா இருந்தா பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று நீங்கள்தான் ஏபி போட்டீர்கள். கட்டத்தை அழகாக்கப் போய் என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். இன்று காலை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் ஏபி இல்லை என்று தெரிந்ததும் நீங்களே தங்கையிடம் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை என் பிள்ளைதான். அந்த ஒரு நொடியைத் தவிர எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்த நொடிக்காக வெட்கப்படுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் எல்லா வளமும் பெறட்டும்.

கோபமும் மரியாதையும் குறையாத,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. நான் ஏபியேதான். குத்துமதிப்பாகப் போட்டாலும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். சீட்டை உங்கள் தங்கையிடம் நீட்டினேன். அப்போதுதான் உங்கள் தங்கை வாய் திறந்தாள்: "அவளோட ஸ்கூல் ஃபார்மை நிரப்புனது யாரு?" அதுவும் நீங்கள்! மகளுக்கும் பார்த்தோம். பி. ஏ அம்மாவுக்கும் ஏபி அப்பாவுக்கும் பி தாராளமாகப் பிறக்குமாம். அண்ணனை உங்கள் தங்கை மன்னித்துவிட்டாள். என் பார்வையை மன்னிக்கவில்லை. ஆகவே உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் என் சார்பாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்புங்கள். நான் கையொப்பம் போடும் இடத்தை மட்டும் தயவுசெய்து காலியாக விடுங்கள்.