எரியாத பேட்டரிக்குக் கைதட்டாத ஐயாவுக்கு

மதிப்புக்குரிய ஆய்வுக்கூடத் தலைவர் ஐயாவுக்கு, உங்களிடம் பேட்டரி வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் வீட்டம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை, காரணம் நீங்கள்.

வேலை செய்பவர்களின் வீட்டாரைக் கூப்பிட்டு ஆய்வுக்கூடத்தைக் காட்டினீர்களே, அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் நழுவக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் முதல் நாற்காலியில் நான். வலப்பக்கம் என் மூத்த மகனும் மருமகளும், அதாவது பேத்தியைப் பெற்றவர்கள். இடப்பக்கம் இளைய மகன். பின்னால், என் கழுத்தில் மூச்சுவிட்டபடி, என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. இவர் எங்கே போனாலும் வாய்தான் முதலில் போய்ச் சேரும். ஓரமாகச் சுவரில் சாய்ந்து நீங்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, நிறுத்தியவர் என் பெரியப்பா, அவர் செத்தும் நான் மறக்கவில்லை. ஆனாலும் பேத்தி செய்வது எனக்குப் புரியும். பேட்டரிக்குள்ளே ஒரு திரவம் இருக்கிறதாம், மின்சாரத்தைச் சுமக்கிறவை அதில்தான் நீந்திப் போகுமாம், அது பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, சூடு கண்டால் பற்றிக்கொள்ளுமாம். இவள் பற்றாத திரவம் செய்கிறாள். பற்றாமல் செய்தால் சோம்பேறியாகிவிடுகிறது, சுறுசுறுப்பாகச் செய்தால் பற்றுகிறது என்று புலம்புவாள். நான் என் இரண்டு மகன்களையும் நினைத்துக்கொள்வேன். இதை ஏன் பிடித்துக்கொண்டாள் என்றால், இளையவனின் ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே சார்ஜில் நின்றபடியே எரிந்தது, தண்ணீர் ஊற்றினோம், அணைந்தது, அப்பாடா என்று அவன் கிட்டே போனான், மறுபடி பற்றியது. அவன் இடக்கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. அன்று அழாமல் பார்த்துக்கொண்டே நின்றவள் இவள்.

உங்கள் கூடத்தில் அவள் மைக்கில், "முதல்ல சாதா பேட்டரி, அடுத்தது நாங்க செஞ்சது" என்றாள். பற்றுகிறதா என்று பார்க்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் பேட்டரிக்குள் ஆணியை இறக்கியது. முதலாவது புஸ்ஸென்று சீறி, புகை கக்கி, தீயாக நின்றது. "நல்லா வேணும் உனக்கு!" என்று நான்தான் முதலில் கைதட்டினேன், எல்லோரும் தட்டினார்கள். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "அத்தை, இதுதான் நம்ம பொண்ணு செஞ்சதா?" என்றார். "வாயைக் கழுவுங்க மாப்ளே!" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் ஆணி இறங்கியது. புகையில்லை, சத்தமில்லை, ஆணியை விழுங்கிவிட்டு அது பாட்டுக்குக் கிடந்தது. தட்டினேன், என் கை மட்டும்தான் கேட்டது. "அவ்வளவுதானா?" என்றது ஒரு குரல். நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு கூட்டம் தேநீர் மேசைக்குப் போய்விட்டது. இளையவனுக்குக் கை சேராது, அவனை விடுங்கள். நீங்கள் ஐயா? நீங்களும் தட்டவில்லை. குனிந்து உங்கள் ஷூவைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

ஒன்றும் ஆகாததற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் என் அடுப்படியில் சிலிண்டர் வெடிக்கவில்லை, பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியில் விழவில்லை, மாத்திரையை மிட்டாய் என்று தின்னவில்லை. அதெல்லாம் தானாகவா நடக்காமல் போயிற்று? நான் நடக்கவிடவில்லை. யார் தட்டினார்கள்? சாப்பாட்டில் உப்பு கூடினால் மட்டும் வீடே பேசும்.

இப்போது பேத்தி சாப்பிடாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள், நான் அவள் பின்னால் நடக்கிறேன், "ரெண்டு பேரும் எங்கேயாவது உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்கிறாள் மருமகள். கேட்டால், "சார் நாளைக்குப் பேசணும்னு சொல்லியிருக்காரு பாட்டி" என்பதோடு சரி. எதற்கென்று எனக்குத் தெரியும், கைதட்டு விழாத வேலையை மூடப் போகிறீர்கள். மூடாதீர்கள். மூடினால் உங்களை மறக்க மாட்டேன், நான் மறக்காதவர்களின் கதி என்ன என்று என் சம்பந்தியைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் என்றைக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
முதல் நாற்காலிப் பாட்டி

பின்குறிப்பு: மறுநாள் உறையை ஒட்டும்போது வேலையிலிருந்து வந்த பேத்தி, கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்தாள். "பாட்டி, எரிஞ்சதுதான் என்னுது." அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டனவாம். சாதா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவே மறந்துவிட்டாளாம். சார்ஜ் இல்லாததில் ஆணி இறக்குவதும் சுவரில் ஆணி அடிப்பதும் ஒன்றாம். ஆய்வுக்கூடத்தைக் காட்டியதற்கு முந்தின நாள் எந்தச் செருப்புப் போட்டுக்கொண்டு வரட்டும் என்று யாரோ போன் மேல் போன் போட்டதால் வந்த மறதியாம், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். எரிந்ததன் மேல், தன்னுடையது என்ற அடையாளத்துக்கு அவள் ஒட்டியிருந்த நீலப் பொட்டை நீங்கள் பார்த்துவிட்டு, வீட்டார் முன்னால் பிள்ளை கூசக் கூடாதென்றுதான் குனிந்துகொண்டீர்களாம். இன்றைக்கும், "இது பத்தும்னு தெரிஞ்சுபோச்சு, அடுத்ததைச் செய்ம்மா" என்று மட்டும்தான் சொன்னீர்களாம். அவள் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். ஆகவே மேலே உங்களைச் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள், வாழ்த்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் எனக்கு முதல் நாற்காலி வேண்டும். அன்றைக்கு எரிந்தது யாருடையது என்று சரியாகச் சொன்னவர் ஒரே ஒருத்தர்தான். அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்: மாப்பிள்ளை.