தாய்மாமனுக்கு வந்த மூன்று மில்லி கண்டம்

சங்கரன்கோவிலில் ஒரு பொருள் கோணலாக இருக்கிறது என்றால், மூலைமட்டம் அண்ணாச்சி அதை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

எங்கள் அச்சகத்தில் மடிப்பு மெஷின், பின் அடிக்கும் மெஷின், கட்டிங் மெஷின் மூன்றும் அவர் ராஜ்யம். நான் முன்னறையில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைப்பவன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

வெட்டுவதற்கு முன் தாள்கட்டை நாலு பக்கமும் தட்டி நேராக்குவது பைண்டிங்காரர் எல்லோரும் செய்வதுதான். இவர் அதை மெஷினோடு விடுவதில்லை. டீக்கடையில் வடைக்கு வைத்திருக்கும் பேப்பர் துண்டுகளைத் தட்டி அடுக்கிவிட்டுத்தான் வடையைத் தொடுவார். ஒரு பந்தியில் அப்பளக் கூடைக்குள்ளேயே கையை விட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, அப்பளம்னா வளையத்தான் செய்யும்" என்றார் பரிமாறியவர்.

"அதுக்காவ ஒண்ணுகூட ஒண்ணு மாதிரி இருக்காண்டாமா வே?"

ஆயுத பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோவில் அவர் இல்லை. வரிசையை நேராக்க எங்கள் தோள்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு கை மட்டும் ஓரத்தில் இருக்கிறது.

என் மகள் கல்யாணப் பத்திரிகையை நானே வடிவமைத்தேன். எட்டுப் பக்கம், தடித்த தாள், நடுவில் பின். நடுத்தாளில் இடப்பக்கம் பிள்ளையார், வலப்பக்கம் சொந்தக்காரர்கள். அச்சடித்து முடித்த அன்று மாலை, ஒரே ஒரு பத்திரிகையை மடித்து வெட்டிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"உம்ம மச்சான் பேரு என்னவே?"

"கருப்பசாமி."

"இங்கன கருப்பசான்னுல்லா நிக்காரு."

வாங்கிப் பார்த்தேன். 'மி' வெட்டோடு போயிருந்தது. மங்களப் பத்திரிகையில், பெண்ணின் தாய்மாமன், 'சா' என்று முடிகிறார்.

"உள்தாளு மடிச்சா வெளிய துருத்தும்லா, துருத்துனது வெட்டுல போயிரும். அட்டைக்கு விட்ட ஓரத்தையே அதுக்கும் விட்டா எப்பிடி?" என்றார் அண்ணாச்சி.

மச்சான் சாதாரண ஆள் அல்ல. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் இனிஷியல் விட்டுப்போனதற்காக மடியில் பிள்ளையை வைக்காமலே ராயகிரிக்குப் பஸ் ஏறியவர். மறுநாள் காலை முதல் பத்திரிகையே அவருக்குத்தான். அவர் முறுக்கிக்கொண்டால் மாலை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

நான் உடனே செய்த காரியம், கம்ப்யூட்டரை அணைத்தது. அணைத்தால் தப்பு அழிந்துவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றியது. அடுத்து, மச்சானைச் சின்ன வயதிலிருந்தே செல்லமாகக் கருப்பசா என்றுதான் கூப்பிடுவோம் என ஊரை நம்பவைக்க முடியுமா என்று யோசித்தேன். கடைசியாக, இளையரசனேந்தல் சித்தப்பா வீட்டுப் பரணில் எத்தனை நாள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

"திரும்ப அடிச்சிருவோமா அண்ணாச்சி?"

"இந்தத் தாளு மதுரையிலேருந்து வரணும். மொத பத்திரிகை எப்பம் குடுக்கணும்?"

"நாளைக்குக் காலைல."

"அப்பம் அழும்."

அழத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஒரு நடுத்தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்பவர் குரலில் சொன்னார்:

"மடிப்ப நடுவுல போடாம, வலப்பக்கமா மூணு மில்லி தள்ளிப் போட்டா பேரு உள்ள வந்து தப்பிச்சிரும். பிள்ளையாருதான் நடுவ விட்டு நவுந்துருவாரு."

"நவுரட்டும் அண்ணாச்சி. யாரு ஸ்கேல் வச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்லா."

சொல்லிவிட்டு அவரே போய் மடிப்பு மெஷினைத் திருகி மாற்றினார். ஒவ்வொரு தாளும் நடு தப்பி மடிந்து விழ விழ, பல் கூசியவர்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தவில்லை. ஆயிரம் பத்திரிகையும் முடிந்ததும் கட்டுகளை என் கையில் கொடுத்துவிட்டு, பார்க்காமல் போனார்.

காலையில் மச்சான் கண்ணாடி போட்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஓரத்துல இன்னுங் கொஞ்சம் எடம் விட்டிருக்கலாம் மாப்ள" என்றார். காலில் விழாத குறையாக ஆமாம் என்றேன்.

கல்யாணத்தன்று யார் கையில் பத்திரிகையைக் கண்டாலும் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் மாலை எடுத்துக் கொடுத்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு பத்திரிகை என் பீரோவில் இருக்கிறது. வீட்டில் யார் எடுத்தாலும் பெயர்களைத்தான் படிப்பார்கள். நான் அந்த நடு தப்பிய மடிப்பை ஒரு தரம் தடவிவிட்டு மூடி வைப்பேன்.