பஞ்சப்படிக் களி

பசியை எதிர்த்து மனித குலம் நடத்திய போர்கள் எத்தனையோ. அவற்றில், ஒருவருக்கும் ஒரு பிடி சோறு கூடுதலாகப் போடாமலேயே வெல்லப்பட்ட போர் ஒன்றே ஒன்றுதான். அது போடியில், பொன்னுராஜ் ஏலக்காய்க் கடையின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகையின் கீழ் நடந்தது. அந்தப் போருக்குத் தளபதியாக நின்ற பொன்னுராஜுக்கு இன்றுவரை ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை என்பது நாட்டுக்குத்தான் அவமானம்.

பொன்னுராஜ் இளகின மனசுக்காரர். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைக் கொட்டி, பருமன் வேறு, பொடி வேறு, வெடித்தது வேறு என்று பொறுக்கிப் பிரிக்கிற பெண்கள் அவர் கடையில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களை அவர் வாய் தவறிக்கூட 'வேலையாட்கள்' என்று சொன்னதில்லை. 'நம்ம குடும்பம்' என்பார். குடும்பத்துக்குள் போனஸ், லீவு என்று பேச்சு வந்தால் பாசம் கெட்டுப்போகும் என்பதால் அந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே ஒழித்துக் கட்டியிருந்தார்.

வீரபாண்டித் திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர் எல்லாம் விலை ஏறிக் கிடந்தது. பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, ஜெயமேரியை முன்னால் விட்டு, முதலாளியின் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்கள். ஜெயமேரி அந்தக் கடையில் வருஷக்கணக்காகக் காய் பொறுக்குகிறவள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. விற்கிற விலைவாசிக்கு உலை வைக்க முடியவில்லை, கூலியைக் கொஞ்சம் கூட்டித் தர வேண்டும் என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

பொன்னுராஜ் கலங்கிப்போனார். அவர்கள் கேட்பதற்கு ஆபீஸ் பாஷையில் 'பஞ்சப்படி' என்று பெயர் என்பதை முதலில் விளக்கினார். கூலி ஏறாவிட்டாலும் பெண்களுடைய அறிவு அந்த இடத்திலேயே ஏறியது. பிறகு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஆழமாக யோசித்தார். பஞ்சப்படி என்றால் என்ன? பஞ்சத்தின்படி நடப்பது. அப்படியானால் கூலி குறைவாக இருப்பது பிரச்சினையே இல்லை. சமையல் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை. இந்த உண்மை பெரிய பெரிய பொருளாதார மேதைகளுக்கே பிடிபடாமல் இருந்தது.

மறுநாளே கடை வாசலில் பேனர் ஏறிவிட்டது: 'மாபெரும் சிக்கனச் சமையல் பெருவிழா! குறைந்த செலவில் குடும்பமே வயிறார!' விதிகள் எளிமையானவை. அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் போட்டியாளர்களே கொண்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு போட்டி; ஆகவே கடை வேலைக்கு ஒரு குறையும் வராது. கலந்துகொள்வது அவரவர் விருப்பம். கலந்துகொள்ளாதவர்கள் திங்கட்கிழமை முதலாளியை வந்து பார்க்க வேண்டும்.

நடுவர்கள் மூவர். ஒருவர் பொன்னுராஜ். இரண்டாவது அவர் மனைவி சுகிர்தம். அதிகம் பேசாதவர், அதனாலேயே நல்ல நடுவர் என்று பொன்னுராஜ் முடிவு செய்திருந்தார். மூன்றாவது சுகிர்தத்தின் தம்பி விஜய்ராஜ். தேனியில் ஜிம் வைத்துப் புரோட்டீன் பவுடர் விற்கிறவர். பேனரில் அவர் பெயருக்குக் கீழே 'உணவியல் நிபுணர்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் வரிசையாக முப்பதுக்கு மேல் பாத்திரங்கள். நொய்க்கஞ்சி, கப்பைக்கிழங்கு, முருங்கைக்கீரை போட்ட ரேஷன் அரிசிச் சோறு, வாழைத்தண்டுக் கூட்டு. நடுவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்கள். வறுமையில் இத்தனை ருசி இருப்பதை இத்தனை நாளாகத் தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று பொன்னுராஜுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஜெயமேரி கொண்டுவந்தது களி. நொய்யை வேகவைத்து, கேப்பை மாவைத் தூவிக் கிண்டி உருட்டியது. தொட்டுக்கொள்ள, வாழைக்காயைச் சீவும்போது எல்லாரும் குப்பையில் போடுகிற தோலை வதக்கி அரைத்த துவையல். விஜய்ராஜ் செல்போனில் குறிப்பு எடுத்துக்கொண்டே விசாரித்தார்.

"இது எத்தன பேருக்குக் காணும்?"

"அஞ்சு பேருக்குக் காணும் சார்."

"ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

"ஆறு பேரு. நான் இங்கன கடையில டீ குடிச்சுக்கிருவேன்."

விஜய்ராஜ் அசந்துவிட்டார். 'தேநீர்: துணை உணவு' என்று குறித்துக்கொண்டு அதற்குத் தனி மதிப்பெண் போட்டார். சுகிர்தம் மட்டும் கையில் இருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஜெயமேரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்குத் துவையலில் காரம் போதவில்லை போல என்று பொன்னுராஜ் எண்ணிக்கொண்டார்.

முதல் பரிசு ஜெயமேரிக்கே கிடைத்தது. ஒரு சால்வை, விஜய்ராஜின் அன்பளிப்பாக ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். பாலில் கலந்து குடிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. பால் பரிசில் சேராது.

பிறகு பொன்னுராஜ் மைக்கைப் பிடித்தார். இவ்வளவு குறைந்த செலவில் நிறைவாக வாழ முடியும் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், இதற்கு மேல் நான் கூலியைக் கூட்டினால் அது உங்கள் திறமையை அவமானப்படுத்துவதாகும், அந்தப் பாவத்தை என் கையால் செய்ய மாட்டேன் என்று தழுதழுத்தார். பஞ்சப்படிக்குப் பதிலாக, பரிசு பெற்ற களியின் செய்முறையை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். பெண்கள் யாரும் கை தட்டவில்லை. விழாவை எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய வீடியோவில் பிற்பாடு கைதட்டல் சேர்த்துக்கொண்டார்கள்.

வீடியோ நன்றாக ஓடியது. மலை தாண்டிக் கோட்டயம் வரைக்கும் ஓடியது. அங்கேதான் பொன்னுராஜிடம் மொத்தமாகக் காய் வாங்குகிற குரியன் இருந்தார். அவரே போன் போட்டார்.

"சாரே, வீடியோ கண்டு. கொள்ளாம்" என்று மனசாரப் பாராட்டினார். பிறகு சொன்னார்: "இத்தன சீப்பா ஜீவிக்கிற ஆளுகள வச்சுக்கிட்டு, காய்க்கு நீங்க இந்த வெல கேக்கறது சரியல்லல்லோ."

கூலி பழைய கூலிதான், தனக்கு ஒரு பைசா மிச்சமில்லை என்று பொன்னுராஜ் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். உங்கள் ஆட்கள் அதிலேயே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நீங்கள்தானே மைக்கில் சொன்னீர்கள் என்று குரியன் சிரித்துக்கொண்டே கேட்டார். இந்த லோடு மட்டும் பழைய விலைக்கு, அடுத்த லோடிலிருந்து குறைந்த விலைக்கு என்று பேச்சு முடிந்தது.

அன்று பொன்னுராஜ் சாப்பிடவில்லை. ஒருத்தன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சிக்கனமாக இருந்தால், அதைக் காட்டியே அவனிடம் இன்னொருத்தன் பிடுங்குவதா? இது என்ன நியாயம்? உலகத்தில் மனுசத்தன்மை செத்துவிட்டது என்று சுகிர்தத்திடம் புலம்பினார். மறுநாள் காலையில் அதே வேதனையோடு கடைக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டு, மார்க்கெட் சரியில்லாததால் அடுத்த வாரத்திலிருந்து கூலியில் கொஞ்சம் குறையும் என்று அறிவித்தார். களியில் மாவைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று வழியும் சொன்னார்.

பெண்கள் தலையை ஆட்டினார்கள். பக்குவப்பட்ட குடும்பம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கடையில் ஒருத்திகூட இல்லை. கொட்டின காய் கொட்டினபடி கிடந்தது. பதறிப்போய் ஜெயமேரிக்குப் போன் அடித்தார். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் மரியாதையாகத்தான் வந்தது.

"ஜீப்புல மெட்டு ரோட்டுல மலை ஏறிக்கிட்டு இருக்கோம் மொதலாளி. மேல எஸ்டேட்டுல கூலி கூடத் தாராக. போட்டி எதுவும் வைக்கலையாம்."

அவர் வீட்டில் சமைக்கிற பெண்ணும் அதே ஜீப்பில் போய்விட்டிருந்தாள். குரியனின் லோடு சாயங்காலம் ஏற வேண்டும். தவறினால் பழைய விலையும் போய்விடும். வேறு வழியில்லாமல் பொன்னுராஜ், சுகிர்தம், தேனியிலிருந்து வரவழைத்த விஜய்ராஜ் மூவரும் சாக்கை விரித்துக் காய் பொறுக்க உட்கார்ந்தார்கள். உணவியல் நிபுணருக்குக் கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஜிம்மைத் திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பொன்னுராஜுக்கு விரல் நுனி எரிந்தது. பருமன் எது, பொடி எது என்று கண்ணுக்குப் பிரிபடவில்லை.

மத்தியானம் சுகிர்தம் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, இரண்டு தட்டுகளைக் கீழே வைத்தார். அச்சடித்த செய்முறைப்படி, அதே அளவில், ஆளுக்கு ஓர் உருண்டை களி. ஓரத்தில் வாழைக்காய்த் தோல் துவையல். பொன்னுராஜ் பசியோடு பிட்டு வாயில் போட்டார். இரண்டு வாயில் உருண்டை தீர்ந்துவிட்டது. தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு மலை மாதிரிக் கிடந்த காயைப் பார்த்தார்.

"ஏன் சுகிர்தம், இதத் தின்னுட்டு மனுசன் எப்பிடிச் சாயங்காலம் வரைக்கும் வேல பாக்குறது?"

சுகிர்தம் காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"மனுசருக்குச் சமைக்கச் சொல்லியாங்க நாம போட்டி வச்சோம்?"