படம் நின்றது குறித்து முஸாஃபர் பாய்க்கு ஒரு விளக்கம்

தமாம்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

எனக்குச் சம்பந்தி ஆகவிருந்து, ஆகாமல் எழுந்து போய், இறைவன் நாடினால் மறுபடியும் ஆகப்போகிற அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை முஸாஃபர் பாய் அவர்களுக்கு, பரளச்சி சின்ன மீரான் சவுதியிலிருந்து எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் என் அறையில் இருக்கும் ஏழு பேரும் நலம். எங்கள் வைஃபைக்கு மட்டும்தான் சுகமில்லை. உங்கள் நலத்தையும், மாப்பிள்ளை சபீரின் நலத்தையும், அன்று கோபமாக எழுந்தபோது எங்கள் வாசல் நிலையில் இடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்ட உங்கள் நெற்றியின் நலத்தையும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். உங்களுக்குப் பதினேழு தடவை போன் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, நீங்கள் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று. காகிதத்தை யாரும் பிளாக் செய்ய முடியாது. இதைக் கொண்டுவரும் நரிக்குடி காசிராஜன் என் அறைக்காரன், லீவில் ஊருக்கு வருகிறான். நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவன்தான். நீங்கள் விசாரிக்க வசதியாக இருக்கட்டும் என்று அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் அறையில் எட்டுப் பேர், ஒரே ஒரு வைஃபை. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் பேசினால் எட்டுப் பேருக்கும் வட்டம் சுற்றுவதுதான் தெரியும், பெண்டாட்டி பிள்ளை தெரியாது. ஒரு நாள் அந்த வைஃபை பெட்டியை யார் கட்டிலுக்கு மேலே மாட்டுவது என்று கராச்சி டிரைவரும் மலப்புரத்துச் சமையல்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டபோதுதான் நான் எழுந்தேன். பங்குக் கிணறு உங்களுக்குத் தெரியாததா? ஒரு கிணறு, ஐந்து பங்காளி, கிடக்கிற தண்ணி ஒரு முழம், ஆளுக்கு ஒரு முறை. ஒருத்தன் முறையில் இன்னொருத்தன் வாய்க்காலை வெட்டினால் அரிவாள்தான் பேசும். அப்படிப்பட்ட கிணற்றுக்குப் பரளச்சியில் பதினாறு வருஷம் முறை வைத்தவன் நான். வானம் பார்த்த பூமியில் தண்ணியைப் பங்கு வைத்தவனுக்குக் காற்றில் வருவதைப் பங்கு வைக்கத் தெரியாதா? அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆளுக்கு அரை மணி நேரம், ஒருத்தர் முறையில் மற்ற ஏழு பேரும் போனை அமர்த்திவிட வேண்டும். ஒரே வாரத்தில் அறையில் அப்படி ஒரு அமைதி. கராச்சிக்காரரே 'மொறை, மொறை' என்று தமிழில் கேட்க ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மைதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிணற்று முறையில் இருக்கிற ஒரு தர்மத்தையும் அட்டையின் அடியில் எழுதித் தொலைத்தேன்: பயிர் வாடுகிறது என்று ஒருத்தன் வந்து நின்றால் முறைக்காரன் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அறையில் எல்லார் பயிரும் வாட ஆரம்பித்துவிட்டது. சமையல்காரருக்குப் பந்து விளையாட்டு பார்க்காவிட்டால் பயிர் வாடும். காசிராஜனோ கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். அவன் வீட்டுக்காரி சுகப்பிரியா நாளுக்கு மூன்று தடவை கோபித்துக்கொள்வாள். 'மாமா, எம்பயிரு கருகுது மாமா' என்று என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முறை வைக்கிறவனே மாட்டேன் என்றால் நன்றாகவா இருக்கும்? கொடுத்துவிடுவேன். ஐந்து மாதத்தில் என் வெள்ளிக்கிழமை முறையை நான் முழுசாக அனுபவித்தது இரண்டே தடவை. அதிலும் என் வீட்டுக்காரி மீரான் பீவி போனை எடுத்தால் அடுத்தவர் கைக்குப் போகாது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளை நர்கிஸ் திருச்சுழி பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதையும் பீவி வாயால்தான் கேட்டேன், கேட்ட இடத்திலேயே சரி என்றும் சொன்னேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் காசிராஜன் வந்து நின்றுவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், அன்று மட்டும் யார் பயிர் செத்தாலும் சரி என்று ஏழு பேரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி (அத்தர் வைஃபையில் வராது என்று கராச்சிக்காரர் சிரித்தார்), இடுப்புக்குக் கீழே கைலியோடு உட்கார்ந்தேன். பரளச்சியில் போனைப் பன்னீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நீங்கள் தெரிந்தீர்கள், தட்டு தெரிந்தது, தட்டில் இருந்த ஆப்பிள் தெரிந்தது. உங்கள் அண்ணன் குனிந்து, 'என்ன சின்ன மீரான், தட்டு மாத்திக்கிருவமா? ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க' என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ் மாற்றுங்கள் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், எதிர்க் கட்டிலில் போர்வைக்குள்ளே வெளிச்சம்! 'கண்ணு, சாப்டியா?' என்று ஒரு குசுகுசுப்பு வேறு. என் முறையில் வாய்க்காலை வெட்டுகிறான் பாவி! பதினாறு வருஷத்துப் பழக்கம், கை தானாக எழுந்துவிட்டது. உள்ளங்கையைக் காட்டி, கண்ணை இறுக்கி, வாயைக் கோணி, தலையை ஆட்டினேன். அது காசிராஜனுக்கு. அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது.

ஏழு நிமிடம் நின்றதாம். நான் இங்கே கைலியோடு குதித்து 'சம்மதம், சம்மதம்' என்று கத்திய கத்தலில் மேல்மாடி எகிப்துக்காரர் வந்து கதவைத் தட்டினார். அங்கேயோ என் கை உங்கள் முகத்துக்கு நேராக அசையாமல் நிற்கிறது. 'வெளிநாட்டுக் காத்து பட்டா இவுகளுக்குக் கொம்பு மொளச்சிருமோ' என்று சொல்லிவிட்டு, தட்டையும் தூக்கிக்கொண்டு நீங்கள் வேனில் ஏறிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு மீரான் பீவி எனக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்தேன், எனக்கே என் மேல் கோபம் வந்தது. வீட்டில் எல்லாரும் அழும்போது நர்கிஸ் மட்டும் சிரித்தாளாம். அதிர்ச்சி, பாவம். அன்றிலிருந்து பிள்ளை மூன்று வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம். துக்கம் சிலருக்கு அப்படித்தான் இறங்கும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். காசிராஜன் மேல் உள்ள கோபத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டேன், உடனே பழையபடி எல்லாருக்கும் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கடைவீதியில் இலவச வைஃபை என்று பலகை பார்த்துப் போனால், முதலில் போனுக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால்தான் திறக்கும் என்றது. அந்த எண் வரவே சிக்னல் வேண்டுமாம், அதுதான் இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? முடிவெட்டும் கடையில் நல்ல வைஃபை, ஆனால் வெட்டிக்கொள்கிறவருக்குத்தான் பாஸ்வேர்டு. ஒரே வாரத்தில் இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன். மூன்றாம் தடவை போனபோது கடைக்காரர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, போய்விட்டு ஒரு மாதம் கழித்து வா என்றார்.

பாய், எனக்கு இருப்பது ஒரே மகள். என் கை செய்த தப்புக்கு அவள் வாழ்க்கை நின்றுவிடக் கூடாது. வேலையை விடச் சொன்னதற்கு நான் அன்று சொன்ன சரி இன்றும் சரிதான். அன்று நீங்கள் பார்த்தது என் பதில் அல்ல, எங்கள் வைஃபையின் கோளாறு. தயவுசெய்து மறுபடியும் தட்டோடு வாருங்கள். காசிராஜன் கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாம், சபீருக்கு என் துஆ. உங்கள் கடைக்குப் பரக்கத்தும், உங்கள் நெற்றிக்குச் சுகமும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
சின்ன மீரான்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது காசிராஜன் வந்தான். 'மாமா, நாந்தான் கெளம்புறேன்ல, எம்முறையும் சேத்து ஒங்களுக்கு' என்றான். ஏழு பேரும் போனை அமர்த்தி என் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். பரளச்சிக்குப் போட்டேன். மீரான் பீவி கடைக்குப் போயிருந்தாள், நர்கிஸ் எடுத்தாள்.

'எவ்வளவு நேரம் அத்தா?' என்று கேட்டாள். ஒரு மணி நேரம் என்றேன். 'பயிரு வாடுதுன்னு யாரும் வந்துற மாட்டாகள்ல?' என்றாள். மாட்டார்கள் என்றேன். அதன் பிறகு அவள்தான் பேசினாள். 'பஸ்ஸுல போயி அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குறேன்ல, அதை விட்டுட்டு என்னால இருக்க முடியாது அத்தா. அன்னைக்கு நீங்க கையக் காட்டிட்டு நின்னீகள்ல, எம்மனசுல உள்ளது அத்தாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு அம்புட்டுச் சந்தோசம். அப்புறம்ல அம்மா சொன்னாக, அது காசி அண்ணனுக்குக் காட்டுன கையின்னு.' அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். ஊருக்கெல்லாம் முறை வைத்தவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு முறை வைக்கவில்லை. நானும் அழுதேன். படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

முஸாஃபர் பாய், வேறு எழுதக் காகிதம் இல்லை, காசிராஜனுக்கு வண்டியும் வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் பேரீச்சம்பழத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளவும். தட்டோடு வர வேண்டாம். இவனையும் விசாரிக்க வேண்டாம், இவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. போன வெள்ளிக்கிழமை எங்கள் வைஃபை நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்ததுதான் என் பதில்.